பாகற்காய்ச் சாறும் இனிப்புநீர் மாத்திரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாகற்காய்ச் சாற்றை இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். கறியாகச் சமைத்துச் சாப்பிடுவதில் வம்பில்லை. வெறும் வயிற்றில் சாற்றைக் குவளை குவளையாகக் குடிப்பதுதான் சிக்கல்; மருந்தோடு சேர்ந்து அது இரத்த இனிப்பை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்போருக்கு அபாயம் குறைவு. கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போருக்கு இரத்த இனிப்பு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கும் கீழே இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கினால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது இன்னும் மோசம். பாகற்காய் கேப்சூல் வாங்குவோர் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணைப் பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அதில் இலக்கங்களை அடுத்து ‘டி’ (T) எழுத்து வரும். (நோய் தீரும் என்பதற்கு அது சான்றல்ல.)

மருந்தாளுநர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு