ஹட்டனும் ஏற்காடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பி.எட். முடித்த கையோடு இலங்கை ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நோட்டை எடுங்கள் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள்; அங்கே அது ‘கொப்பி’. “எங்க பாட்டன் சேலம் ஜில்லாதான் புள்ள” என்று ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்களில் நம் மாவட்டத்தாரும் உண்டு.

சரி, ஊர் திரும்பினேன். பாராட்டு, சால்வை. (இன்னும் பிரிக்கவில்லை.) ஆனால் ஏற்காட்டில் எங்கள் வீட்டருகே உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அவருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கே காய்ச்சல். சனிக்கிழமைகளில் நான் போகிறேன். சேலத்தில் பி.எட். படிப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுக்குப் பயப்படாமல் காலை பஸ்ஸில் வரலாம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

– பட்டதாரி ஆசிரியை, ஏற்காடு