14–15 புதிரும் அக்டோபர் 10 தாளும்: உங்கள் நாட்காட்டி குறித்த புகார்

அனுப்புநர்:
எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை,
மூன்று ஆண்டுகளாக உங்கள் வாடிக்கையாளர்.

பெறுநர்:
பதிப்பாசிரியர் குழு மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நாட்காட்டியில் இருந்த பிழைகளை இரண்டு முறை தெரிவித்த பிறகும், புதிய பதிப்பில் அவை அப்படியே அச்சாகியிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் உங்கள் மேசை நாட்காட்டியை மூன்று ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். முன்பக்கம் ‘வரலாற்றில் இன்று’, பின்பக்கம் ஒரு புதிரும் ஒரு சிரிப்புத் துணுக்கும். புதிருக்கான விடை மறுநாள் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நான் அதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. என் வகுப்பறையில், என் மேசை மேல் இருக்கிறது. காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து வந்து தாளைக் கிழித்து உரக்க வாசிக்க வேண்டும். இன்று யார் முறை என்பதற்குச் சண்டையே நடக்கும். வாசித்ததைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதிவைப்பேன். சாயங்காலம் வரை அதை யாரும் அழிக்க மாட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் 17 தாளில், 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் பறப்பு 12 நொடி, 120 அடி. அதே நாளின் நான்காவது பறப்பு 59 நொடி, 852 அடி. நான்கே வரிதான். அன்று இடைவேளையில் பிள்ளைகள் அளவு நாடாவை வாங்கிப் போய் மைதானத்தில் 120 அடியை அளந்து இரண்டு பக்கமும் செங்கல் வைத்தார்கள். ஓடியே அந்தத் தூரத்தை 12 நொடிக்குள் கடந்துவிட்டு, “இவ்வளவுதானா மிஸ்?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்கள். அப்புறம் 852 அடியை அளக்கப் போனால் மைதானம் போதவில்லை. ஒரே நாளில் நான்கு முயற்சிக்குள் என்ன நடந்தது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு தாள் இதைச் செய்யும் என்று தெரிந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது புகாருக்கு வருகிறேன்.

போன ஆகஸ்டில் வந்த ஒரு தாளில் 15 காய்ப் புதிரைக் கொடுத்திருந்தீர்கள். 4-க்கு 4 கட்டம், 1 முதல் 15 வரை எண் போட்ட காய்கள், கடைசி மூலையில் ஒரு காலிக் கட்டம். கடைசி வரிசையில் 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. காய்களை நகர்த்தி மட்டுமே எல்லாவற்றையும் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும், காலிக் கட்டம் பழையபடி கடைசி மூலையில் இருக்க வேண்டும். மறுநாள் தாளில் விடை: “பொறுமையாக நகர்த்தினால் 50 நகர்த்தல்களுக்குள் முடிந்துவிடும்.”

முடியாது. ஐம்பதில் மட்டுமல்ல, ஐம்பது லட்சத்திலும் முடியாது. 1879-இலேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் இதை நிரூபித்துவிட்டார்கள். காரணத்தை எட்டாம் வகுப்புக்கே சொல்லிப் புரியவைக்கலாம். புதிரின் கட்டங்களைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலிக் கட்டம் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் போகிறது. புறப்பட்ட மூலைக்கே அது திரும்ப வேண்டுமென்றால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு காய்க்கும் காலிக் கட்டத்துக்கும் இடையே ஓர் இடமாற்றம். ஆனால் 14-ஐயும் 15-ஐயும் மட்டும் மாற்றிவைக்க ஒற்றைப்படை எண்ணிக்கையில் இடமாற்றங்கள் தேவை. இரண்டும் எப்போதும் ஒத்துவராது. இதற்காகவே புகழ்பெற்ற புதிர் இது. 1880-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜனங்களைப் பைத்தியமாக அடித்தது. சாம் லாய்ட் என்ற புதிர் வல்லுநர் இதைத் தானே கண்டுபிடித்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். தீர்ப்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அந்தப் பரிசைக் கொடுக்க வேண்டிய நிலை வராது என்பது அவருக்குத் தெரியும். உண்மையில் இதை முதலில் செய்தவர் நியூயார்க் மாநிலத்தில் தபால் அலுவலராக இருந்த நாய்ஸ் சாப்மன். உங்கள் தாள் கண்டுபிடிப்பாளர் என்று லாய்டின் பெயரைத்தான் போட்டிருந்தது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் புதிரை எடுத்துக்கொண்டாள். பழைய நோட்டு அட்டையை வெட்டிப் பதினைந்து சதுரங்கள் செய்தாள். ஒவ்வொன்றிலும் நீல ஸ்கெட்ச் பேனாவால் எண். ஓரங்கள் பிசிறடிக்காமல் இருக்க பசை டேப் ஒட்டியிருந்தாள். பென்சில் பெட்டியின் மூடிதான் தட்டு. நான்கு நாள் அதோடு இருந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் 13, 15, 14 என்றே வந்து நின்றது. நோட்டின் பின்பக்கத்தில் நகர்த்தல்களை எழுதி எழுதி அடித்திருந்தாள். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, “எனக்கு மூளை இல்ல போல மிஸ், 50-லயே முடியும்னு போட்டிருக்கு” என்றாள். குரல் கம்மியிருந்தது. நானும் அந்தத் தாளைச் சரிபார்க்காமல்தான் பலகையில் எழுதியிருந்தேன். அது என் தவறு, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் செய்தது எல்லாமே சரி, தவறு தாளில் என்று வகுப்பு முழுக்க முன்னிலையில் சொன்னேன். ஆனால் அந்த நான்கு நாளும் தன்னைப் பற்றி அவள் நினைத்தது நினைத்ததுதானே.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், ஒரே ஒரு வார்த்தையை மாற்றியிருந்தால் அது அருமையான புதிராகியிருக்கும். அதே 14–15 மாறிய நிலையிலிருந்து, காலிக் கட்டம் கடைசி மூலையில் இல்லாமல் முதல் மூலையில் வரும்படி அடுக்கச் சொல்லியிருந்தால், அதைச் செய்ய முடியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், ஒரே ஒருவர், அச்சுக்குப் போகும் முன் அந்தப் புதிரைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

அன்றே உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “இது பொழுதுபோக்குக்குத்தானே மேடம்” என்றார். எழுத்தில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது. அதோடு சரி.

அடுத்தது அக்டோபர் 10. தாளில் இருந்தது: “1582-இல் இதே நாளில் போப் 13-ஆம் கிரகோரி ரோமில் புதிய நாட்காட்டியைத் தொடங்கிவைத்தார்.” பலகையில் எழுதினேன். மறுநாள் ஒரு பையன் நூலகப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்து நின்றான். “மிஸ், ரோம்ல அந்த வருஷம் அக்டோபர் பத்தாம் தேதியே இல்லையாமே?”

அவன் சொன்னதுதான் சரி. பழைய ஜூலியன் கணக்கில் ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும். உண்மையான சூரிய ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. கி.பி. 325-இல் கிறித்தவ ஆயர்களின் நைசியா சபை கூடிய காலத்திலிருந்து எண்ணினால் 1582-க்குள் இந்த நிமிடங்கள் சேர்ந்து 10 நாளாகிவிட்டன. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 21-லிருந்து 11-க்கு நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யும் ஆணையைப் போப் 1582 பிப்ரவரி 24 தேதியிட்டு வெளியிட்டார். அக்டோபர் 4 வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, தேதி 15. நடுவில் இருந்த பத்துத் தேதிகள் அந்த ஆண்டு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வரவே இல்லை. ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த 4-ஆம் தேதி இரவில். விடிந்தால் 15-ஆம் தேதி. நாட்காட்டி அச்சிடுவதையே தொழிலாகக் கொண்ட நீங்கள், நாட்காட்டியின் பிறந்தநாளை இல்லாத ஒரு தேதியில் போட்டிருக்கிறீர்கள். அதே தாளில் “1582 அக்டோபர் 10 அன்று ரோமில் என்ன நடந்தது?” என்று கேட்டு, “அப்படி ஒரு நாளே இல்லை” என்று மறுநாள் விடை கொடுத்திருந்தால் அந்த வருடத்திலேயே சிறந்த தாள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதே குழப்பத்தின் தொடர்ச்சி ஏப்ரல் 23 தாளிலும் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று போட்டிருந்தீர்கள். இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. அங்கே ஏப்ரல் 23 என்றால் ஸ்பெயினில் அன்று மே 3. ‘ஒரே நாள்’ என்று எழுதாதீர்கள்.

சிரிப்புத் துணுக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் நெப்போலியனின் உயரத்தைக் கிண்டல் செய்து ஒரு துணுக்கு வந்தது. என் வகுப்பில் எல்லாரையும்விட உயரம் குறைந்த பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு வாரம் அவனை எல்லாரும் நெப்போலியன் என்றே கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மதியம் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நகைச்சுவைக்கு அடிப்படையே தப்பு. நெப்போலியனின் உயரமாகச் சொல்லப்பட்ட 5 அடி 2 அங்குலம் பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டர் அளவில் வரும், அந்தக் காலத்து பிரெஞ்சு ஆண்களுக்கு அது குறைவான உயரமே அல்ல. பொடியனாக அவரை வரைந்து பரப்பியதில் ஜேம்ஸ் கில்ரே போன்ற ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கணக்கை வகுப்பில் போடவைத்தேன். கூப்பிடுவது நின்றது.

அக்டோபரிலும் உங்களுக்கு எழுதினேன், மேலே சொன்ன எல்லாவற்றையும் தேதியோடு. அதே தானியங்கிப் பதில். சரி, அடுத்த பதிப்பிலாவது திருத்துவார்கள் என்று இருந்தேன். இந்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் உறையைப் பிரித்து முதல் வேலையாக அக்டோபர் 10-ஐப் புரட்டினேன். அதே வரி, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 14–15 புதிர் மார்ச் 9-க்கு இடம் மாறியிருக்கிறது. மார்ச் 10-இல் அதே “50 நகர்த்தல்கள்”.

தெரியாமல் நடக்கும் பிழையை நான் பெரிதுபடுத்துவதில்லை. 365 தாளில் சில தப்பு வரத்தான் செய்யும். சொன்ன பிறகும் அப்படியே அச்சிட்டதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கலைக்களஞ்சியத்தைப் படிப்பவர் சந்தேகம் வந்தால் இன்னொரு புத்தகத்தைப் புரட்டுவார். கிழித்த தாளை யாரும் சரிபார்ப்பதில்லை. வாசித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நம்பிக்கையின் பேரில்தான் உங்கள் நாட்காட்டி விற்கிறது.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், இலவசப் பிரதியும் வேண்டாம். மார்ச் 9 வருவதற்குள் திருத்திய தாள்களை அச்சிட்டு, இந்த ஆண்டு வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள். மேலே ஒட்டிக்கொள்ளும்படி இருந்தாலும் போதும். இனி ஒவ்வொரு புதிரையும் அச்சுக்கு முன் ஒருவர் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய தேதிகளுக்கு எந்த நாட்காட்டிக் கணக்கு என்று ஒரு சொல்லில் குறிப்பிட்டுவிடுங்கள். ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சியை நவம்பர் 7-இல் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லே பதிலாகிவிடும். பிழையைத் தெரிவித்தால் மனிதர் ஒருவர் படித்துப் பதில் எழுதும்படி ஒரு முகவரியைத் தாளிலேயே போடுங்கள்.

அந்த மாணவிக்கு உங்கள் பதிப்பாசிரியர் தன் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுத வேண்டும். புதிரில் தவறு இருந்தது, அவள் போட்டது சரி என்ற இரண்டு வரி போதும். பள்ளி முகவரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாட்காட்டி அங்கேதான் வருகிறது.

பதினைந்து நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் இதே நகல்களோடு போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பழைய பதிப்பின் ஐந்து தாள்கள் (ஏப்ரல் 23, ஆகஸ்ட் புதிர், அதன் விடை, செப்டம்பர் துணுக்கு, அக்டோபர் 10), புதிய பதிப்பின் மார்ச் 9, மார்ச் 10, அக்டோபர் 10 தாள்கள், முன்பு எழுதிய இரண்டு புகார்கள், அவற்றுக்கு வந்த தானியங்கிப் பதில்கள்: அனைத்தின் ஒளிநகல்கள்.