ஃபார்மேட் வேண்டாம், மாப்பிள்ளை

கோபிசெட்டிபாளையம்

மாப்பிள்ளை,

பொங்கல் நோம்பிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்தது.

விஷயம் வேறு. நம் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வள்ளி கும்மிப் பதிவுகள் இருக்கும் 2 டிபி டிஸ்க், போன வாரம் இடமில்லை என்று நின்றுவிட்டது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் மொத்தம் 1.8டி (2 டிபியை அது 1024-இன் கணக்கில் இப்படித்தான் காட்டும்), பயன்பட்டது 1.7டி, மீதி 0. கணக்கு உதைத்தது. கடைக்காரர் பார்த்த உடனே, "ஃபார்மேட் பண்ணிரலாமுங்க" என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவதாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அத்தை பாடிய ஒன்பது பாட்டும் அதில்தானே இருக்கின்றன! அவர் போன பிறகு அந்தக் குரல் வேறெங்கே கிடைக்கும்?

ராத்திரி உட்கார்ந்து தோண்டியதில் பிடிபட்டது. லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான ஈஎக்ஸ்டி4, ஃபார்மேட் ஆகும்போதே நூற்றுக்கு 5 பங்கை ரூட்டுக்கென்று, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்குக்கென்று ஒதுக்கிவிடுகிறது. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் பிரித்த பகுதிக்கு) அது வேண்டும். டிஸ்க் நிரம்பினாலும் ரூட் உள்ளே நுழைந்து சரிசெய்ய வழியிருக்கும். பாட்டும் வீடியோவும் மட்டும் கிடக்கிற டிஸ்க்குக்கு எதற்கு? 100 ஜிபி சும்மா முடங்கிக் கிடந்திருக்கிறது.

இந்த ஒதுக்கீட்டைக் குறைக்க டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை போதும். டிஸ்க் மவுண்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும்போதே மாற்றலாம்தான், எனக்கு மனசு வரவில்லை. முதலில் பங்காளியின் டிஸ்க்கில் ஒரு நகல். அப்புறம் அன்மவுண்ட் செய்து, பழுது பார்க்கும் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டினேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் பார்ட்டிஷன் பெயரை இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, டியூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 1 போட்டேன், ஒதுக்கீடு 5 பங்கிலிருந்து 1 பங்காகிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மவுண்ட் செய்தால் மீதி 75ஜி! ஃபைல் ஒன்றுகூட அசையவில்லை. மாறியது, டிஸ்க்கின் மொத்தக் குறிப்பு இருக்கும் சூப்பர்பிளாக்கில் உள்ள ஒதுக்கீட்டுக் கணக்கு மட்டும்தான். முதல் வேலையாக அத்தையின் 'வள்ளி தினைப்புனம்' பாட்டைப் போட்டுக் கேட்டேன். நடுவில் அவர் இருமுவதுகூட அப்படியே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஆபீஸ் சர்வரில் கை வைத்துவிடாதே. அந்தியூர்ச் சந்தையில் அவசரப்பட்டுக் குதிரை பிடித்த ஆளல்லவா நீ! எல்லாமே இவ்வளவு லேசாக மாறாது. ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைத்திருக்கும் ஐநோடு, எவ்வளவு இடத்துக்கு ஒன்று என்பது ஃபார்மேட்டின்போதே முடிவாகிவிடும். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலை எடுக்க, டிஸ்க் அன்மவுண்ட் ஆகியிருக்க வேண்டும், இல்லை படிக்க மட்டும் என்றாவது மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டிப் பழுது பார்த்தால் உள்ளதும் போய்விடலாம்.

இன்னொரு நகலும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே ஊரில் எல்லாம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு வருகிறேன், உங்கள் வீட்டு பீரோவில் ஒரு மூலையை ஒழித்து வை.

உன் மச்சான்