நீ இல்லாத வாரத்திலும் அது ஓட வேண்டும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறி இறங்குகிறார், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அண்ணன் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் சொல்கிறேன், முதலில் உன் வெப்சைட், அந்த ஓவியக் கண்காட்சி வழிகாட்டி விஷயம்.

"இந்த வாரம்" பக்கத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் முடிந்துபோன கண்காட்சிகள். அந்த மரச்செதுக்குக் கண்காட்சி முடிந்தே நாளாகிறது, இன்னும் மேலே நிற்கிறது. வேறு யாருடைய பக்கமாக இருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். திறப்பு விழாத் தேதியை ஊரெல்லாம் சொல்வார்கள், கடைசித் தேதியைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை, ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு அதுதான் முக்கியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். ஒரு தேதிக்காகக் கண்காட்சிக் கூடத்துக்கு மறுபடி மறுபடி போன் செய்து உறுதிப்படுத்துகிறவள் நீ. அதனால்தான் இது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. உன்னைக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, பக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

காலையில் எழுந்ததும் நான் அதைத்தான் திறந்து பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியாது. புதிதாக ஏதாவது ஏறியிருந்தால் சரி, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். நள்ளிரவு தாண்டி ஏற்றியிருந்தால் தூங்கவில்லையே என்று மனசுக்குள் திட்டுவேன். இப்போது திட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

உன் வழிகாட்டியைப் பற்றி நான் யாரிடமும் குறைவாகப் பேசியதே இல்லை, அதை நீ நம்ப வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களுக்குச் சொந்தமாக விளம்பரம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் தாங்களே போவார்கள். வீட்டு முன்னறையைக் காலி செய்து ஒரு வார இறுதியில் மட்டும் படங்களை மாட்டுகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? நீ அவனையும் பெரிய அருங்காட்சியகத்தையும் ஒரே எழுத்தளவில், ஒரே வரிசையில் போட்டாய். அதோடு வாசலில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, உட்கார இடம் இருக்கிறதா, கட்டணம் உண்டா, எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று எல்லாம் எழுதினாய். அப்பாவோடு வெளியே போக ஆரம்பித்த பிறகுதான் அந்தப் படிக்கணக்கின் அருமை எனக்குப் புரிந்தது. படி இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்தால் அவர் வாசலில் நின்று அவமானப்பட வேண்டியதில்லை. ஓவியரின் பெயரை அவர் எழுதுகிறபடியே எழுத வேண்டும், ஓவியத்தை வாங்கினவரிடமோ காட்சிக்கு வைத்தவரிடமோ அனுமதி கேட்டால் போதாது, காப்புரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே இருக்கும், அவரைக் கேட்டுத்தான் படம் போட வேண்டும் என்று உனக்கு உதவ வருகிற அந்தச் சின்னப் பெண்ணுக்கு நீ விளக்கியதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பணம் தருகிறோம், எங்கள் கண்காட்சியைப் பட்டியலில் முதலில் போடு என்று ஒரு கூடத்தார் வந்தபோது, விளம்பரம் வேண்டுமானால் "விளம்பரம்" என்று மேலே எழுதித் தனிக் கட்டத்தில் போடுவேன், பட்டியலில் இடம் விற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாயே, அதை உன் பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

அப்படியிருந்தும் உன் மேல் எனக்குக் கோபம்தான்.

காலமெல்லாம் கணக்கு எழுதியவள் நான். உன்னுடையது மாதிரி லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் மீதமாகிற பணத்தை நடத்துகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அந்தப் பணியிலேயே செலவாக வேண்டும் என்றுதான் அர்த்தம். உழைக்கிறவர் சம்பளம் வாங்கக் கூடாது என்று அர்த்தமில்லை. சம்பளமும் மின்கட்டணம் மாதிரி ஒரு செலவுதான். உன் வரவு செலவுத் தாளைப் பார்த்தேன், சர்வருக்குப் பணம் போயிருக்கிறது, வரைபடம் செய்தவருக்குப் போயிருக்கிறது, எழுதினவர்களுக்குக் குறைவாக இருந்தாலும் போயிருக்கிறது, உன் பெயருக்கு நேராக ஒன்றுமே இல்லை. இதைப் பெருந்தன்மை என்று நீ நினைக்கிறாய். அது கணக்கை மறைப்பது. ஒரு வருடம் இந்த வழிகாட்டியை நடத்த உண்மையில் எவ்வளவு ஆகும் என்று நாளைக்கு ஒரு நன்கொடையாளர் கேட்டால், உன் உழைப்பு இல்லாத ஒரு பொய்த் தொகையைத்தான் உன்னால் காட்ட முடியும். அந்தத் தொகையை நம்பி உன் இடத்துக்கு வருகிற அடுத்த ஆளும் சம்பளமில்லாமல்தான் வர வேண்டும். எவ்வளவு சம்பளம் என்று நீயே முடிவு செய்யாதே. அமைப்பின் நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும், அந்தப் பேச்சு நடக்கும்போது நீ எழுந்து வெளியே போ, தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி வை.

குழு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் உன் நண்பர்கள், நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். கணக்குத் தெரிந்த ஒருவரையும், உன் முகத்துக்கு நேராக "இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய ஒருவரையும் சேர்த்துக்கொள். கேலரி வைத்திருக்கிறவரைச் சேர்ப்பதாக இருந்தால், எந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதுவது என்கிற பேச்சில் அவர் உட்காரக் கூடாது, அதையும் எழுதி வை.

இன்னொன்று, நன்கொடை தருகிறவர்கள் எப்போதும் புதிதாக ஒன்றுக்குத்தான் தருகிறார்கள். புது ஆப், புது வரைபடம், புது விழாவுக்குக் கிடைக்கும். வாரா வாரம் தேதியைச் சரிபார்க்கிற வேலைக்கு யாரும் காசு தர மாட்டார்கள், ஆனால் வழிகாட்டி என்பதே அந்த வேலைதான். ஒரு திட்டத்துக்கென்று வந்த பணத்தை வேறு செலவுக்குத் தொடக் கூடாது என்பதும் உனக்குத் தெரியும், அதில் நீ நேர்மையாக இருக்கிறாய், அதனால் பற்றாக்குறை முழுவதும் உன் தூக்கத்திலிருந்து போகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அன்றாடச் செலவில் ஒரு பங்கைச் சேர்த்தே கேள். வெட்கப்படாதே. வந்ததெல்லாம் செலவழிந்துவிட்டது என்று பெருமைப்படவும் செய்யாதே, சில மாதச் செலவுக்காவது கையிருப்பு இல்லாத அமைப்பு ஒரு காசோலை தாமதமானாலே படுத்துவிடும்.

அப்புறம் டொமைன், அதாவது உன் வெப்சைட்டின் முகவரி. அது இன்னும் உன் சொந்தப் பெயரில், உன் பழைய மின்னஞ்சலில்தானே இருக்கிறது? புதுப்பிக்கச் சொல்லி வருகிற நினைவூட்டலெல்லாம் நீ திறக்காத அந்த அஞ்சல் பெட்டிக்குத்தானே போகிறது? டாட் காம், டாட் ஆர்க் போன்ற முகவரிகள் காலாவதியானால், பதிவு நிறுவனம் தருகிற சலுகை நாட்கள் போன பிறகு, கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாமல் கிடக்கும், பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். இத்தனை வருடம் எத்தனையோ ஓவியர்கள் தங்கள் அறிமுகக் குறிப்பில் உன் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் நாளைக்குச் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். அமைப்பின் பெயருக்கு மாற்று. குறைந்தது இரண்டு பேருக்காவது பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும். வங்கிக் கணக்குக்கும் அப்படியே. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? காய்ச்சல் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

உனக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். விக்கிப்பீடியா 2001-ல் ஆரம்பித்தது, 2003-லேயே அதற்கென்று ஒரு அறக்கட்டளை அமைத்து, பெயரையும் சர்வர்களையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இன்று அது எந்தத் தனி மனிதரின் உடல்நிலையையும் நம்பி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் க்ரெய்க் நியூமார்க் என்பவர் 1995-ல் உள்ளூர் நிகழ்ச்சிகளை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க ஆரம்பித்தார், ஏறக்குறைய உன்னுடைய நியூஸ்லெட்டர் மாதிரிதான். அது க்ரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பர வெப்சைட் ஆகி, பிறகு லாபம் பார்க்கிற நிறுவனமும் ஆனது, அந்த வழி உனக்கு வேண்டாம். ஆனால் 2000-ல் அவர் தலைமைப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, எழுதிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையைத் தான் வைத்துக்கொண்டார். அவர் பெயரிலேயே நடக்கிற ஒன்றை அவரால் கைமாற்ற முடிந்திருக்கிறது. உன் வழிகாட்டியில் உன் பெயர்கூட எங்கும் இல்லை, இருந்தும் ஒரு சாவியைக்கூட நீ யாரிடமும் தருவதில்லை.

அந்தச் சின்னப் பெண் திறமைசாலி. நான் அவளை ஒரு முறைதான் பார்த்தேன், ஆனாலும் சொல்கிறேன். அவளுக்குத் தேதியைச் சரிபார்க்கவும் படத்துக்கு அனுமதி வாங்கவும் தெரியும். கட்டுரையை நீ பார்த்துக்கொள், பட்டியலை முழுசாக அவளிடம் விடு. தப்புச் செய்வாள், திருத்திக்கொள்வாள். தன்னார்வலர் என்ற பெயரில் வைக்காமல், முதல் சம்பளத்தை அவளுக்குக் கொடு. இரண்டாவது உனக்கு. நான் முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், உனக்கும் சம்பளம் வேண்டும்.

ஒருவேளை நிறுத்திவிடலாம் என்று உன் மனசில் இருந்தால், அதையும் என்னிடம் சொல்லலாம். நான் அழ மாட்டேன். நிறுத்துவது தப்பில்லை, சத்தமில்லாமல் சாக விடுவதுதான் தப்பு. ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது, லட்சக்கணக்கான பேர் அதில் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள், யாஹூ அதை வாங்கி 2009-ல் மூடியது, ஆர்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால்தான் அதில் கொஞ்சமாவது மிஞ்சியது. உன்னிடம் இருப்பது அதைவிட அபூர்வம். கேட்லாக் அச்சடிக்கப் பணமில்லாமல், ஒரு விமர்சனம்கூட வராமல் நடந்து முடிந்த சின்னச் சின்னக் கண்காட்சிகள் எத்தனை? யார் வைத்தார்கள், எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதற்கு உன் பட்டியல் ஒன்றுதான் சாட்சி. அந்த ஓவியர்களில் ஒருவர் பின்னால் பெரிய ஆளானால், அவருடைய முதல் கண்காட்சியைத் தேடுகிற ஆராய்ச்சியாளர் உன்னிடம்தான் வந்தாக வேண்டும். அதனால் முடிந்துபோனதை அழிக்காதே, "நடந்தவை" என்று தனியாக நகர்த்து. எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற சாதாரண அட்டவணையாக ஒரு பிரதி எடுத்து, ஏதாவது ஒரு நூலகத்திலோ கலைக் கல்லூரியிலோ கொடுத்து வை. இன்டர்நெட் ஆர்கைவ் 1996-லிருந்து உலகத்தின் பக்கங்களைச் சேமிக்கிறது, அதில் உன் பக்கத்தையும் நீயாகவே பதிந்து வைக்கலாம், பணம் கேட்பதில்லை. நிறுத்துவதாக இருந்தால் தேதி போட்டு, இதற்கு மேல் புதுப்பிக்கப்படாது என்று முகப்பில் எழுதி வை. நம்பி வருகிறவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் போய் நிற்காமல் இருப்பார்கள்.

ஆனால் நீ நிறுத்த மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அறையில் இருக்கிற அந்தப் பெரிய கான்வாஸைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. போன தடவையே கேட்டு நீ எழுந்து போனாய். ஊரில் எல்லோருடைய படத்துக்கும் தேதி குறிக்கிறவள் என்று மட்டும் அப்பா சொன்னார், சொல்லிவிட்டு அவரும் பேச்சை மாற்றிவிட்டார். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூசி படாது.

சித்தி வீட்டு விஷயம் ஒருவழியாகத் தீர்ந்தது, நேரில் சொல்கிறேன். கண்ணாடியை மாற்றினாயா? தலைவலி என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. போனில் பேசப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், ஒரு வரி எழுது போதும்.

கடைசியாக ஒன்று, யோசித்துத்தான் சொல்கிறேன். கூடங்களுக்குப் போன் செய்து தேதியும் நேரமும் கேட்கிற வேலையை எனக்குக் கொடு. செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். யாரிடம் பேசவும் எனக்குக் கூச்சமில்லை, ஒரு தடவை எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவேன், கேட்டதைக் கட்டம் போட்டு எழுதி அந்தப் பெண்ணுக்கே அனுப்பிவிடுகிறேன். போன் எண்கள் இருக்கிற தாளை அனுப்பச் சொல்லு. என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் நீ எழுதிக் கொடு, படி எத்தனை என்பதை நானாகவே கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா