உப்புப் பூத்த வீல்கள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன், "அந்தக் குட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அப்படி ஒரு சந்தோஷம்.

உன் காரின் அலாய் வீல்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. என் ஃபோர்டு ஐகான் கார் எட்டு வருஷமாகத் தூத்துக்குடி உப்புக்காற்றில் நிற்கிறது, நான்கு வீலும் பூத்துப்போய்க் கிடந்தன. அழுக்கென்று நினைத்து வாட்டர் வாஷுக்கு விட்டேன். அங்கே ஆசிட் கலந்த எதையோ அடித்துத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிட்டார்கள், அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

பிறகு உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தேன். விளிம்பில் கல் பட்டு, வீலின் மேல் பூசியிருக்கும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு தெறித்த ஒரு புள்ளி, அங்கிருந்து லாக்கருக்கு அடியிலேயே வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள், எலுமிச்சை இலையில் புழு அரித்துப் போன தடம் இருக்குமே அச்சு அசல் அதேதான். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவைதானே, அலுமினியம் தன்மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போட்டுக்கொள்ளும், அந்தக் காவலை உப்பிலுள்ள குளோரைடு ஓட்டை போட்டுவிடுகிறது. அரிப்பு லாக்கருக்கு அடியில் இருக்கும்போது மேலே என்ன தேய்த்தும் புண்ணியமில்லை, லாக்கரை முழுசாக எடுத்தாக வேண்டும்.

டயரைக் கழற்றி, பெயிண்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்தேன். காஸ்டிக் சோடா போடச் சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதே, அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

அப்புறம் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசாக இருக்கும். 320-இல் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000 என்று சோப்புத் தண்ணீரோடு. முதல் வீலில் அவசரப்பட்டு 400-இலிருந்து நேரே 1000-க்குப் போனேன். ஆட்டோசால் என்ற மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்ததும் பளபளவென்றுதான் இருந்தது, சாயங்கால வெயில் சாய்வாக விழுந்ததும் 400-இன் கீறல் அத்தனையும் எழுந்து நின்றது. திரும்ப முதலிலிருந்து. அதனால் ஒவ்வொரு நம்பரையும் முந்தையதற்குக் குறுக்கே தேய், பழைய கீறல் ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்ததைத் தொடாதே. அந்த ஒரு வீலுக்கு மட்டும் மூன்று ஞாயிறு போனது, மற்ற மூன்றுக்கும் தலா ஒரு ஞாயிறு.

விளிம்போரம் ஆழமான சில குழிகளை அப்படியே விட்டுவிட்டேன். அதற்காக உலோகத்தைத் தேய்த்து மெலிய வைக்கக் கூடாது. வெல்டிங்கும் வேண்டாம், சூடுபடுத்திப் பக்குவம் செய்து வலுவேற்றிய உலோகம் அது, மறுபடி கண்டபடி சூடேற்றினால் அந்த வலு போய்விடும்.

கண்ணாடி மாதிரி வழவழத்த பரப்பில் லாக்கர் சரியாகப் பிடிக்காது, அதனால் நான் மெழுகோடு நிறுத்திக்கொண்டேன். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், மாதம் ஒருமுறை மெழுகு. மாட்டும்போது வீல் போய் உட்காரும் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கு, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்.

உன் வீல்களில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று உள்பக்கமும் திருப்பிப் பார். இருந்தால் அந்த வீலை மாற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் பொங்கலுக்கு பஸ்ஸில் வராதே, காரிலேயே வா. வாட்டர் பேப்பரெல்லாம் இங்கே மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
ராஜா