அப்பாவின் நூல் கணக்கு

தேஜோன், தென் கொரியா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நலம். உங்கள் கடிதம் வந்து வெகுநாளாயிற்று. ஆய்வுக்கூட வேலையில் பதில் தள்ளிக்கொண்டே போனது, கோபிக்க வேண்டாம்.

அப்பா, உலக உருண்டையில் நூல் பிடித்து, சென்னைக்கும் சியோலுக்கும் 5300 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு சரிதான். மணிக்கு 850 கிலோமீட்டர் பறந்தால் ஆறேகால் மணி நேரம். "மன்னார்குடியிலிருந்து சென்னை போவதைவிடக் குறைவு, தங்கை கல்யாணத்துக்கு வர என்ன தயக்கம்" என்று கேட்டதும் நியாயமே. ஆனால் நூல் எங்கும் இறங்கி ஏறாது. எனக்குக் கட்டுப்படியாகிற டிக்கெட்டில் முதலில் தென்கிழக்கே சிங்கப்பூர் போக வேண்டும். அதுவே 2900 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் போய்க் காத்துக் கிடந்துவிட்டு, அங்கிருந்து வடகிழக்கே 4600 கிலோமீட்டர், இன்னும் ஆறரை மணி நேரம். திருச்சிக்குப் போகிறவன் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிய கதைதான்.

இறங்குவதும் சியோலில் இல்லை, கடலோரத்து இஞ்சியோனில். அங்கிருந்து தேஜோனுக்கு மூன்று மணி நேர பஸ். உங்கள் பக்கம் மன்னை எக்ஸ்பிரசில் ஓர் இரவு, எழும்பூரிலிருந்து திரிசூலத்துக்கு மின்சார ரயில். ரயில்வேயில் வேலை பார்த்த உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டுமா?

அம்மா, குளிரை நினைத்துக் கவலைப்படாதே. இங்கே தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, ஒண்டோல் என்பார்கள். நான் அதை அதிகம் போடுவதில்லை, ஸ்வெட்டரே போதுமாக இருக்கிறது. கீழ் வீட்டுப் பாட்டி விடியுமுன் எழுந்து பனியைப் பெருக்குவார். என் வாசலையும் பெருக்கிவிட்டு, நான் எழுந்ததும் திட்டுவார். நவம்பரில் கோசைக் கிலோ கிலோவாக உப்பில் ஊறவைத்துக் கிம்ச்சி போட்டார். எனக்கும் ஒரு டப்பா வந்தது. பதிலுக்கு உன் நார்த்தங்காயைக் கொடுத்தேன். வெறும் சோற்றோடு தின்றுவிட்டு மறுநாள் காலி டப்பாவை நீட்டுகிறார்! இனி யாருக்கும் காட்டுவதாக இல்லை.

போன முறை திரும்பும்போது சிங்கப்பூரில் சென்னை விமானத்துக்குக் காத்திருந்தவர்களைக் கடந்து போனேன். ஓர் அம்மா, மகனிடம் "சாப்பிட்டாயா" என்று அதட்டிக்கொண்டிருந்தார். என் விமானத்துக்கு நேரமாகியும் அங்கேயே நின்றேன். இங்கே மணி மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நீங்கள் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிடலாம் என்று நினைக்கும்போது எனக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். பரவாயில்லை, கூப்பிடுங்கள். விழித்துத்தான் இருப்பேன்.

முகூர்த்தத்தை மாசிக்குத் தள்ள மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா? தையில் வர பேராசிரியர் விடமாட்டார். சந்திரப் புத்தாண்டு கூட்டமும் ஓய்ந்து டிக்கெட் கொஞ்சம் இறங்கும். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், வங்கியில் ஏதோ காகித வேலை. அதுவரை நகைக்கடைக்காரரிடம் முன்பணம் மட்டும் கொடுங்கள். சித்தப்பா வடக்கு வரப்பை நகர்த்தியதற்குச் சண்டை வேண்டாம். சர்வேயரை அழைத்து அளக்க மனுக் கொடுங்கள், கட்டணம் கட்டிய ரசீதை முருகையன் மாமாவிடம் கொடுத்துவிடாதீர்கள், போன முறை மாதிரி தொலைத்துவிடுவார்.

அன்புடன்,
குமரன்