மூன்றாம் தவணை: மகளுக்கு ஒரு கடிதம்

ரோஸ் ஹில், மொரீசியஸ்
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளை சென்ற வாரம் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றபோது அழைத்துப் பேசினார். பள்ளியின் மூன்றாம் தவணை முடியும் தறுவாயில் இருக்கிறது. உன் மகனுடைய மதிப்பெண் அறிக்கையையும், சுற்றுலாவில் எடுத்த படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். நீ பார்த்துவிட்டாய் என்பதற்கான நீலக்குறியும் வந்தது. இரவுப் பணி முடிந்து வந்து அயர்ந்து படுத்திருப்பாய், பிறகு விரிவாக எழுதலாம் என்று வைத்திருப்பாய் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் படங்கள் மட்டும் இந்தத் தவணையைச் சொல்லிவிடாது என்று தோன்றியதால், மேசையில் உட்கார்ந்து முழுவதுமாக எழுதுகிறேன். அவசரமில்லை, ஓய்வு கிடைக்கும்போது படி. வேளைக்குச் சாப்பிடு.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது முதல் குழந்தைகளுக்கு ஓய்வே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தனை வேலை தேவையா என்ற தயக்கம் எனக்கும் முதலில் இருந்தது. கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில், கதையும் பாட்டும் பிரெஞ்சில், இடைவேளையில் சண்டையும் சமாதானமும் கிரியோலில், இவற்றின் நடுவே தமிழ் வகுப்பு என்று நாள் முழுவதும் நான்கு மொழிகளுக்குள் நடமாடிவிட்டு, மூன்றரை மணிக்கு வாசலில் என்னைப் பார்த்ததும் எந்த மொழியில் தொடங்குவது என்று ஒரு கணம் யோசிக்கிறான். தமிழில்தான் தொடங்குகிறான் என்பதைப் பெருமையோடு உனக்குச் சொல்கிறேன். மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தார் ஆக்கும் பாடநூலை நான் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். சொந்தப் பேரனுக்கு நடத்தும்போதுதான் அதில் எந்தப் பாடத்தில் குழந்தை தடுக்கி நிற்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. ண, ந, ன மூன்றையும் இன்னும் குழப்புகிறான். அது தானாகச் சரியாகும், நீ கவலைப்படாதே. வாக்கியம் எழுதுவதில் அவன் வயதுப் பிள்ளைகள் பலரைவிட முன்னால் நிற்கிறான். அது உன்னிடமிருந்து வந்தது.

இந்தத் தவணையில் அவர்களை மூன்று இடங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒவ்வொரு முறையும் பெற்றோர் ஒப்புதல் தாள் வீட்டுக்கு வரும். பொறுப்பாளர் என்ற கோட்டின் மேல் நான் கையெழுத்திட்டு அனுப்புவேன். உடன் வந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளப் பெரியவர்கள் சிலர் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டபோது நானும் பெயர் கொடுத்தேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

முதலில் பாம்பிளமூஸ் தோட்டம். நீயும் இதே வயதில் போனாய், அந்தத் தொப்பி விவகாரத்தை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாக விரிந்து, விளிம்பு மேல்நோக்கி மடிந்து கிடக்கும் அந்த அமேசான் அல்லி இலைகளைப் பார்த்ததும், "தாத்தா, பாட்டி ஃபராத்தா சுடும் தாவா" என்று இவன் கத்த, வகுப்பே சிரித்தது. பூ முதல் மாலை வெள்ளையாக மலர்ந்து மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும் என்று ஆசிரியை சொன்னபோது, அது அதே பூவா, வேறு பூவா என்று இவன் கேட்டான். அவர் உடனே பதில் சொல்லிவிடாமல், குளத்தில் வெள்ளைப் பூ எது, சிவந்த பூ எது என்று பிள்ளைகளையே தேடச் செய்து, வண்டு முதல் இரவு உள்ளே போய் அடைபட்டு மறுநாள் மகரந்தத்தோடு வெளியே வரும் கதையைப் பிறகு சொன்னார். நல்ல ஆசிரியை. பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும் தாலிப்பனைகளின் அடியில்தான் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள்.

அன்றே பக்கத்தில் போ பிளான் ஆலைக்கும் போனோம். 1999இல் மூடப்பட்டு, 2002 முதல் சர்க்கரை அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரியப்பா வேலை பார்த்த இடத்தில் இன்று பேரப்பிள்ளைகள் சிறு கரண்டியில் பலவகைச் சர்க்கரையை ருசி பார்க்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன, இன்று மூன்றுதான் ஓடுகின்றன என்று வழிகாட்டி சொன்னார். அறுவடைக் காலமாதலால் திரும்பும் வழியெல்லாம் கரும்பு லாரிகள். பேருந்துக்குள் பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்து, பாதி வழியில் உறங்கிப்போனார்கள்.

இரண்டாவது, மஹேபூருக்கு அருகில் கடலுக்குள் இருக்கும் இல் ஓ எக்ரெட். மழையால் ஒரு முறை தள்ளிவைத்துப் பிறகு போனோம். 26 ஹெக்டேர் கொண்ட சின்னத் தீவு. நம் கரையோரக் காடு பழங்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கேதான் பார்க்க முடிகிறது. இளஞ்சிவப்புப் புறாவைப் பார்த்தான், ஆமையின் ஓட்டைத் தடவினான், படகில் சட்டையை நனைத்துக்கொண்டான். 1974இல் மொரீசியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் எஞ்சியிருந்ததாக அறியப்பட்டது, மனிதர்கள் முட்டைகளை எடுத்துப் பொரித்து வளர்த்து மீட்டார்கள் என்று கேட்டது முதல், வீட்டில் எது குறைந்தாலும், "நான்கு இருந்தால் போதும் தாத்தா" என்கிறான்.

இவை எல்லாவற்றையும் ஒரு ஒட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். உதிர்ந்த இலை, நுழைவுச் சீட்டு, சர்க்கரைத் தாள், புறாவின் படம், அடியில் தமிழில் ஒரு வரி. வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டு என்று பாட்டி சொன்னபோது மறுத்துவிட்டான். நேரில்தான் காட்டுவானாம். டிசம்பருக்காக என்று சொல்லி அதைத் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறான். டிசம்பர் என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஜூனில் நீ பேசியபோது பக்கத்தில் நின்றிருப்பான்.

விமானச் சீட்டு விலை டிசம்பரில் ஏறிவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. பணம்தான் தடை என்றால் அஞ்சலகச் சேமிப்பில் இருக்கிறது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டாம். விடுப்பு கிடைக்காததுதான் காரணம் என்றால் அதுவும் எங்களுக்குப் புரியும். கூடுதல் ஷிப்ட் எடுத்துக்கொண்டே போகாதே. குளிர் தொடங்கிவிட்டிருக்கும், அம்மா பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

மூன்றாவது பயணத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். போர்ட் லூயியில் காலையில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் டோடோ பறவையின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, பிற்பகல் ஆப்ரவாசி காட் என்னும் பழைய படித்துறைக்குச் சென்றோம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய நினைவு நாளான நவம்பர் 2 நெருங்குவதால் பள்ளிகள் பல வந்திருந்தன. அந்த 16 படிகளுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 1834இல் அட்லஸ் கப்பலில் 36 பேர் வந்திறங்கியதில் தொடங்கி, 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்த நாட்டுக்கு வந்ததையும், 2006இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபிடமாக ஏற்றதையும் ஆசிரியை விளக்கினார். அட்லஸ் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து நம் கொத்தர்களும் தச்சர்களும் வந்து இந்த நகரத்தைக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல அனுமதி கேட்டு, நானும் கொஞ்சம் பேசினேன். மோகா ஆவணக்காப்பகத்தில் நாம் தேடி எடுத்த முப்பாட்டனாரின் குடியேற்றப் பதிவு எண்ணை இவன் மனப்பாடமாகச் சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வந்தவர்கள் ஐந்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள், முடிந்த பிறகு சிலர் ஊர் திரும்பினார்கள், பெரும்பாலோர் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஆசிரியை சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் படிகளில் ஏறத் தொடங்கியதும், இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவின் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு தாத்தா?" என்று கேட்டான்.

அழவில்லை, முகம் வாடவும் இல்லை. அதே பூவா, வேறு பூவா என்று தோட்டத்தில் கேட்ட குரலில்தான் கேட்டான். அம்மாவிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியேறினான். அதன் பிறகு அவன் ஒரு முறைகூட அதைக் கேட்கவில்லை. ஆனால் நீ அனுப்பும் குரல் பதிவை நான் கேட்டு முடித்ததும், ஏதாவது சொன்னாளா என்பதுபோல் என்னைப் பார்க்கிறான். ஆகவே கேட்கிறேன். அவன் கேட்டதற்காக மட்டும் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்.

நீ போனதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். இந்தத் தெருவில் யார் கேட்டாலும், என் மகள் இங்கிலாந்து மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள் என்று நிமிர்ந்து நின்று சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டு வருவதும் எனக்குத் தெரியும். ஆயினும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கடனும் விசாவும் விளங்காது. விடுமுறை எப்போது, அம்மா எப்போது என்பதே விளங்கும். அவனை அங்கே அழைத்துக்கொள்ள நீங்கள் இருவரும் எண்ணியிருந்தால் அதையும் சொல். எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைத்துத்தான் நீ எழுதாமல் இருக்கிறாயோ என்று உன் அம்மா இரவில் கேட்கிறாள். வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதற்காகச் சொல்லாமல் இருக்காதே. ஜனவரியில் அவன் மூன்றாம் வகுப்பு போக வேண்டும். இங்கேயே தொடர்வதானால் சீருடையும் காலணியும் இப்போதே அளவெடுக்க வேண்டும், பழையவை எவையும் பொருந்தவில்லை. அவ்வளவு வளர்ந்துவிட்டான்.

தவணையின் கடைசி நாளில் பள்ளியில் சிறு நிகழ்ச்சி இருக்கிறது. இவன் ஆத்திசூடியில் முதல் பத்து வரிகளைச் சொல்லப்போகிறான். படம் எடுத்து அனுப்புகிறேன். நீலக்குறி மட்டும் போதாது மகளே. ஒரு வரி எழுது. நன்றாக இருக்கிறது என்று எழுதினாலும் அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

டிசம்பரில் வர முடியுமானால் தேதியை எழுது. முடியாது என்றால் தைப்பூசத்துக்கா, ஏப்ரல் விடுமுறைக்கா என்று எழுது. அதுவும் முடிவாகவில்லை என்றால், முடிவாகவில்லை என்பதையாவது அவனிடம் நீயே சொல். என் வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவனை எங்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கிறேன். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டீர்களானால் உனக்கு அங்கே பிற்பகல் இரண்டு மணி. அன்று உனக்குப் பணி என்றால் வேறு நாளைக் குறிப்பிடு, அப்படியே மாற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா